எதற்காவது ஆகும் என்று எடுத்து வைத்தவை: நம் வீட்டுக்கு ஒரு மினிமலிச வழிகாட்டி

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். நீங்களாக ஆசைப்பட்டுக் கடைக்குப் போய் வாங்கியது அதில் கொஞ்சமாகத்தான் இருக்கும். கல்யாணச் சீரில் வந்த அண்டா, கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள், பிரிக்கவே பிரிக்காத டின்னர் செட், அரசு கொடுத்த மிக்ஸி, பாத்திரச் சீட்டில் கிடைத்த குக்கர், எப்போதோ வாங்கிய டிவியின் அட்டைப்பெட்டி. பெரும்பாலும் எல்லாம் தானாக வந்து சேர்ந்தவை.

அதனால்தான் குறைந்த பொருளோடு வாழச் சொல்லும் மினிமலிசத்தின் 'வாங்குவதைக் குறையுங்கள்' என்ற அறிவுரையை மட்டும் பிடித்துக்கொண்டால் நம் வீட்டில் இடம் பிறப்பதில்லை. நமக்குப் பொருள் பெரிதும் உறவின் வழியாக வருகிறது. அதை வேண்டாம் என்று சொன்னால் ஒரு மனிதரையே வேண்டாம் என்று சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்ற பயத்தில் வாங்கி அடுக்கிவிடுகிறோம். பொருளைக் கழிப்பது சில மாத வேலை. உள்ளே வரும் வழியை யார் மனமும் நோகாமல் ஒழுங்குபடுத்துவதுதான் பெரிய வேலை. இந்த வழிகாட்டியில் இரண்டும் உண்டு. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் செய்தால் அடுத்த தை மாதத்துக்குள் பரண் பழையபடி நிரம்பிவிடும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

800 சதுர அடி வீட்டுக்கு மாதம் 16,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர அடிக்கு 20 ரூபாய். யாரும் படுக்காமல் துணி குவிக்க மட்டும் பயன்படும் ஒரு கட்டில் ஆறுக்கு ஐந்து, அதாவது 30 சதுர அடியை அடைக்கிறது. மாதம் 600 ரூபாய், வருடத்துக்கு 7,200. அந்தக் கட்டிலுக்கு நீங்கள் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சொந்த வீடாக இருந்தாலும் கணக்கு மாறாது, வீட்டுக்கடன் தவணை அந்த 30 சதுர அடிக்கும் சேர்த்துத்தான். இந்தக் கணக்கை வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். எவ்வளவு தத்துவம் பேசினாலும் அசையாதவர்கள் இதற்கு அசைவார்கள்.

சரி, வெள்ளைச் சுவரும் ஒற்றை நாற்காலியுமாக வீட்டை மாற்ற வேண்டுமா? வேண்டாம். இட்லிக் கொப்பரையும் அரிசி டிரம்மும் பூஜை அலமாரியும் உள்ள வீட்டில் அது நடக்காது, நடக்கவும் தேவையில்லை. பயன்படும் பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பயன்படாதது வீட்டை விட்டுப் போக வேண்டும், புதிதாக வருவது யோசித்து வர வேண்டும். இவ்வளவுதான் இலக்கு.

முதல் படி: கை வைக்காமல் பாருங்கள், வீட்டாரிடம் பேசுங்கள்

முதல் வாரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்து, எந்தத் தட்டை, எந்த டிராயரைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். பல வீடுகளில் சமையலறை மேல்தட்டும், ஷோகேஸின் கீழ்க் கதவும், கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியும் இந்தப் பட்டியலில் முதலில் வரும்.

அதே வாரம் வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒருவர் பொருளில் இன்னொருவர் கை வைப்பதில்லை என்பது முதல் ஒப்பந்தமாக இருக்கட்டும். கணவரின் பழைய கிரிக்கெட் மட்டையை மனைவியும், மனைவியின் தையல் மிஷினைக் கணவரும் முடிவு செய்யக் கூடாது. அவரவர் பொருளுக்கு அவரவரே பொறுப்பு. பொதுவான இடங்களுக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் நிதானம் மிக முக்கியம். ரேஷன் கடை வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கியவர்கள், ஒரு பேனா மையைத் தேதி போட்டுச் செலவழித்தவர்கள் அவர்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்து மடித்து வைக்கும் பழக்கம் அந்தக் காலத்தின் அறிவு. அம்மாவின் தகரப் பெட்டியை அவர் ஊருக்குப் போன நேரம் பார்த்துக் காலி செய்வது பெரிய துரோகம், அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரு பெட்டி, ஒரு அலமாரி என்று அவருக்கென்று இடம் ஒதுக்கி, "இது உங்களுடையது, நாங்கள் தொடமாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். அந்த உறுதி கிடைத்த பிறகு, மற்ற இடங்களில் உள்ளதைப் பற்றி அவர்களே தாராளமாகப் பேசத் தொடங்குவார்கள்.

குழந்தைகளுக்கும் இதே மரியாதை வேண்டும். பொம்மைகளைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை மூட்டை கட்டி மேலே வைத்து, சில வாரம் கழித்து மாற்றிக் கொடுங்கள். எது போகலாம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

இரண்டாம் படி: சண்டையே வராத இடத்தில் தொடங்குங்கள்

நினைவும் பாசமும் ஒட்டாத பொருட்களிலிருந்து ஆரம்பியுங்கள். கவருக்குள் கவர் திணித்து வைத்திருக்கும் அந்தப் பெரிய கவர், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, ஹோட்டல் பார்சலில் வந்த கறுப்பு பிளாஸ்டிக் கிண்ணங்கள், எழுதாத பேனாக்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும் வேலை இது.

மருந்துப் பெட்டியையும் அன்றே பாருங்கள். காலாவதியான மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காபித் தூள் சக்கை போன்ற ஏதாவதொன்றுடன் கலந்து ஒரு கவரில் கட்டிப் போட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. மீந்த ஆன்டிபயாடிக்கை 'அடுத்த காய்ச்சலுக்கு ஆகும்' என்று வைத்திருப்பது ஆபத்து. அந்தக் கவர், இன்சுலின் ஊசி, பாதரச வெப்பமானி, டியூப் லைட், செத்த பேட்டரி இவற்றையெல்லாம் சாதாரணக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது திடக்கழிவு விதி. ஒரு தனி டப்பாவில் சேர்த்து, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். அவர் கையில் ஊசி குத்தக் கூடாது, அதற்காகவாவது இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: சமையலறை

நம் வீட்டில் அதிகப் பொருள் இருக்கும் அறை இதுதான். இங்கே ஒரு முழு மாதம் செலவழித்தாலும் தகும்.

மளிகையில் தொடங்குங்கள். அடுத்த மாத மளிகை வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப் போட்டு, இருப்பதை வைத்தே சமையுங்கள். பாதிப் பாக்கெட் சேமியா, ஒரு பிடி பாசிப்பயறு, யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பு மாவு, ஃப்ரீசரில் உறைந்து கிடக்கும் பட்டாணி எல்லாம் வெளியே வரும். ஒரே சாமான் மூன்று இடங்களில் பிரித்த பாக்கெட்டாக இருப்பதும் அப்போதுதான் தெரியும். வாரக் கடைசியில் காலியான டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, எத்தனை டப்பா உண்மையில் தேவைப்படுகிறது என்று எண்ணிவிட்டு மளிகைப் பட்டியலை எழுதுங்கள். மசாலாப் பொடிகளைச் சிறிய பாக்கெட்டாகவே வாங்குங்கள். மலிவு என்று வாங்கும் ஒரு கிலோ மல்லித்தூள் பாதியிலேயே வாசனை போய்விடும்.

அடுத்தது பாத்திரம். மூன்று மாதம் தொடாத பொருளைக் கழித்துவிடு என்று ஒரு விதி சொல்வார்கள். அது நம் சமையலறைக்கு ஒத்துவராது. முறுக்கு அச்சு தீபாவளிக்கும் கோகுலாஷ்டமிக்கும்தான் வெளியே வரும். ஆவக்காய் ஜாடிக்கு மாங்காய்க் காலம், வடாம் பிழியும் நாழிக்குக் கத்திரி வெயில், வெண்கலப் பானைக்குப் பொங்கல். கார்த்திகை அகலை ஆடியில் பார்த்தால் பயனில்லாத பொருளாகத்தான் தெரியும். அதனால் நம் கணக்கு ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரைக்கும் ஒரு முழு ஆண்டு. எல்லாப் பண்டிகையும் ஒரு சுற்று வந்த பிறகும் வெளியே வராத பாத்திரம் இனி வராது.

இதைச் சரிபார்க்க ஒரு வழி. மேல்தட்டுப் பாத்திரங்களில் ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு காகித ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். பயன்படுத்தும்போது அது கழன்றுவிடும். அடுத்த போகிக்கு முதல் வாரம் ஸ்டிக்கர் எதில் மிச்சமிருக்கிறதோ அதுதான் போக வேண்டியது.

கஷ்டம் எங்கே வரும் தெரியுமா? பெயர் வெட்டிய பாத்திரத்தில். எவர்சில்வர் சம்படத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகளில் கொடுத்தவர் பெயர், என்ன விசேஷம், எந்தத் தேதி என்று எல்லாம் இருக்கும். சில எழுத்துகள் தேய்ந்து விரலால் தடவித்தான் படிக்க முடியும். காதணி விழாவுக்கு மாமா வைத்தது, மஞ்சள் நீராட்டுக்கு அத்தை வைத்தது. அதைக் காயலான் கடைக்குப் போட யாருக்குக் கை வரும்? எனக்கும் வராது. ஆனால் பரணில் கவிழ்த்து வைத்திருப்பதும் அந்த மாமாவுக்கு மரியாதை ஆகாது. அப்படிப்பட்ட பாத்திரங்களில் தினமும் கைபடும் அளவில் உள்ள இரண்டு மூன்றைக் கீழே இறக்கிப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கடையில் வாங்கிய பெயரில்லாத சம்படங்களுக்குப் பதிலாக அவை பருப்பு டப்பாவாகவும் தயிர்ப் பாத்திரமாகவும் இருக்கட்டும். அண்டா, தவலை மாதிரிப் பெரியவற்றை ஊர்ப் பொதுப் பாத்திரத்தோடு சேர்க்கலாம், அன்னதானம் நடக்கும் கோயிலில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். அங்கே அந்தப் பெயர் நூறு பேர் சாப்பிடும் பாத்திரத்தில் இருக்கும். புதிதாகத் தனிக்குடித்தனம் போகும் தம்பி தங்கை பிள்ளைகளுக்கும் தரலாம். பெயரில்லாத பழைய பித்தளை, செம்பு, வெண்கலத்தைப் பாத்திரக் கடைகளிலேயே எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். எடுப்பதற்கு முன் இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். உலோகம் வெவ்வேறாக இருப்பதால் மூன்றுக்கும் விலை ஒன்றல்ல, ஒன்றாகக் கட்டிப் போட்டுவிடாதீர்கள்.

மின்சாதனங்களில் இரட்டையாக இருப்பவற்றைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2011-க்குப் பிறகு அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி பல லட்சம் வீடுகளுக்கு வந்தன. ஏற்கெனவே மிக்ஸி இருந்த வீட்டில் இரண்டாவது மிக்ஸி பெட்டியோடு மேலே ஏறிவிட்டது. 'முதலாவது கெட்டால் ஆகும்' என்று வைத்த மோட்டார் வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் வேண்டிய நேரத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது. ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள். ஓடினால் தேவைப்படும் வீட்டுக்கு இன்றே கொடுத்துவிடுங்கள்.

பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவா, கைப்பிடி ஆடும் வாணலி, ரப்பர் தளர்ந்த குக்கர் மூன்றையும் தள்ளிப் போடாமல் கவனியுங்கள். குக்கருக்குக் கேஸ்கட் மாற்றினால் போதும். மற்ற இரண்டும் போகட்டும்.

நான்காம் படி: பீரோ

துணியை முழுவதும் கட்டிலில் கொட்டிப் பிரிப்பது படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு அந்தக் குவியலை அப்படியே திருப்பித் திணிக்கும் நிலை வரும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். உடுத்தித் துவைத்த துணியை எப்போதும் அடுக்கின் வலப்பக்கமே வையுங்கள். சில மாதங்களில் இடப்பக்கம் தேங்கி நிற்பது எது என்று பீரோவே சொல்லிவிடும். அளவு பத்தாத சட்டை, தைக்கக் கொடுக்கவே போகாத ரவிக்கைத் துணி, 'வீட்டில் போட்டுக்கொள்ளலாம்' என்று இறக்கிய பழைய உடுப்புகள்தான் அங்கே இருக்கும். வீட்டில் போடும் துணி ஐந்தாறு செட் போதும்.

பட்டுப்புடவை தனிக்கதை. அதை எண்ணிக்கையால் மட்டும் பார்க்காதீர்கள். உங்களால் பராமரிக்க முடிகிற எண்ணிக்கை எவ்வளவு என்று பாருங்கள். பட்டுப்புடவையை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இழை விட்டுப்போகும். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் தங்கும். அந்துருண்டை ஜரிகை மேல் படக் கூடாது. முப்பது புடவைக்கு இதைச் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறதா? பத்துக்குத்தான் இருக்கிறது என்றால் பத்துதான் உங்கள் கணக்கு. மீதியை இழை நன்றாக இருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது. மகளுக்கோ மருமகளுக்கோ, பாவாடை தைத்தால் பேத்திக்கோ போகலாம். கிழிந்த பழைய புடவையின் ஜரிகை அசல் வெள்ளி ஜரிகையாக இருந்தால் எடுக்கும் கடைகள் உண்டு. போலி ஜரிகைக்கு ஒன்றும் கிடைக்காது. சோதித்துப் பார்த்துச் சொல்லும் இடத்தில் கொடுங்கள், தெருவில் கூவி வருபவர் சொல்லும் முதல் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: காகிதம்

தைரியமாகக் கழிக்கக் கூடாத ஒரே இடம் இது. மூன்று கோப்புகள் வாங்குங்கள்.

முதல் கோப்பு என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டியது. கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, பிறப்பு, இறப்பு, திருமண, வாரிசுச் சான்றுகள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதம். அசல் பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டியிருக்கும், வீட்டை விற்கும்போதும் சிக்கல் வரும். வீட்டுக்கடனை அடைத்துவிட்டுப் பத்திரத்தை வங்கியிலேயே விட்டு வைத்திருப்பவர்கள் உடனே போய் வாங்குங்கள். முழுக் கடனும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்றும் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

இரண்டாவது கோப்பு சில ஆண்டுகளுக்கு மட்டும்: வருமான வரித் தாக்கல், சொத்து வரி ரசீது, மருத்துவ அறிக்கைகள். வரி சம்பந்தப்பட்டதை ஏழெட்டு ஆண்டு வைத்திருந்தால் நிம்மதி. மூன்றாவது, வாரண்டி முடியும் வரைக்கும் வைக்க வேண்டிய பில்கள். கடை பில் மிஷினில் அடித்த தாள் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். இவை தவிர்த்த கரன்ட் பில், பழைய கல்யாணப் பத்திரிகை, டிவி கையேடு எதுவும் தேவையில்லை. ஆதார் எண், கணக்கு எண் உள்ள தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மற்றதைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுங்கள்.

மத்திய அரசின் டிஜிலாக்கர் செயலியில் வரும் சான்றிதழ்களைச் சட்டம் அசலுக்குச் சமமாக ஏற்கிறது. ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி. இரண்டையும் அங்கே சேர்த்துவிட்டால் பர்ஸும் மெலியும்.

ஆறாம் படி: கழித்ததை எங்கே கொடுப்பது

போகி அன்று எரிப்பது வேண்டவே வேண்டாம். பழையதைக் கழிக்க நம் முன்னோர் வைத்த நாள் அருமையான நாள்தான். ஆனால் அன்றைக்கு எரிந்தது ஓலைப்பாயும் துடைப்பமும். இன்று எரிவது நைலானும் டயரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ஆண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் சென்னையில் போகி விடியற்காலை கண் எரிகிறது. போகி நாளைக் கணக்கு முடிக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள், பொருளை அதற்கு முன்பே அதனதன் இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நல்ல துணிகளைத் துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். சில ஊர்களில், தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளப் பொருட்களை வைத்துவிட்டு வரும் 'அன்புச் சுவர்' இருக்கிறது. கூஞ்ச் போன்ற அமைப்புக்குச் சென்னையிலும் மையம் உண்டு. கிழிந்ததையும் கறை பட்டதையும் தானம் என்று கொடுப்பது வாங்குபவரை அவமதிப்பது. அது துடைக்கும் துணியாகட்டும். முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ போகும் முன் போன் செய்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்களுக்கு அரிசியோ டயப்பரோ தேவைப்படும்போது நாம் ஆட்டோ நிறையப் பழைய துணியோடு போய் இறங்கக் கூடாது.

பழைய டிவி, போன், சார்ஜர், இன்வெர்ட்டர் பேட்டரி எதையும் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். பழைய குண்டு டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. வயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடத்துக்குப் போனால் அங்கே வேலை செய்பவர் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார். பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனங்களிடமோ, பழையதைத் திரும்ப வாங்கும் கடையிலோ கொடுங்கள். போனைக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

'போக வேண்டியவை' என்று வாசலில் கட்டி வைத்த மூட்டை அந்த வாரமே வெளியேறட்டும். பத்து நாள் கிடந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பி உள்ளே வந்துவிடும்.

ஏழாம் படி: உள்ளே வரும் வழிகள்

முதல் வழி விசேஷங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தை நீங்கள் நடத்தும் முறையை மாற்றுங்கள், மற்றவர்களுக்கு அதுவே செய்தி. தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் கிண்ணம், குங்குமச் சிமிழ் வைப்பதற்குப் பதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பொட்டலம் முறுக்கு அல்லது ஒரு பழம் வையுங்கள். பை மஞ்சள் துணிப்பையாக இருந்தால் அது பத்து வருடம் உழைக்கும். நவராத்திரி வெற்றிலை பாக்கில் வந்த ரவிக்கைத் துணி அடுத்த வருடம் வேறொரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதற்குப் பதில் சுண்டலும் பூவும் கொடுங்கள், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

நீங்கள் கொடுக்கும் இடத்தில் பணமாக மொய் எழுதுங்கள். மொய் நல்ல ஏற்பாடு, கையில் பணம் தேவைப்படும் நேரத்தில் உறவு முழுக்கச் சேர்ந்து தூக்கிவிடுகிறது. கூடவே ஏதாவது கொண்டுபோக ஆசை என்றால் சாப்பிட்டுத் தீரும் பொருளாக இருக்கட்டும். செக்கு எண்ணெய், கருப்பட்டி, தேன், ஊர் மாம்பழம்.

உங்களுக்குக் கொடுப்பவர்களிடம் எப்படிச் சொல்வது? "ஒன்றும் வேண்டாம்" என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், கோபித்துக்கொள்ளவும் செய்வார்கள். அதனால் வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். "அத்தை, நீங்க போடுற எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு வாங்க, எனக்கு அதுதான் வேணும்." அத்தைக்கு மனசு குளிர்ந்துவிடும், ஷோகேஸுக்கு இன்னொரு பீங்கான் பொம்மையும் வராது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று கேட்கும் சித்தப்பாவிடம் நீச்சல் வகுப்புக் கட்டணத்தைச் சொல்லலாம். எல்லோரிடமும் இது செல்லாது. வயதானவர் அன்போடு கொண்டுவந்ததை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கொள்கை பேச வேண்டாம்.

இரண்டாவது வழி சீட்டு. பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைக்கடைச் சீட்டு எல்லாம் சேமிப்பு போலத் தெரிந்தாலும் கடைசியில் ஒரு பொருளை வாங்க வைத்தே முடிகின்றன. பாத்திரம் தேவைப்படாத வீட்டில் பாத்திரச் சீட்டு எதற்கு? அதே தொகையைத் தபால் அலுவலகத் தொடர் வைப்பில் போட்டால் பணமாகவே வரும்.

மூன்றாவது, தள்ளுபடி. ஆடி மாதக் கூட்டத்தில் 40 சதவீதம் குறைத்து வாங்கிய பொருள் தேவையில்லாததாக இருந்தால், 60 சதவீதம் வீண். வேண்டும் என்று தோன்றியதை ஒரு தாளில் தேதியோடு எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். வட்டியில்லாத் தவணை என்பதையும் கவனமாகப் படியுங்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், அந்த வட்டித் தொகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும், பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

எட்டாம் படி: கைபேசி

கைபேசியும் ஒரு பரண்தான். வாட்ஸாப்பில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்கள் நினைவகத்தை அடைப்பது அன்றோடு நிற்கும். ஷாப்பிங், உணவு டெலிவரி செயலிகளின் அறிவிப்புகளை அணைத்து, அவற்றில் சேமித்திருக்கும் கார்டு எண்ணை நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் கார்டைத் தேடி எடுத்து எண்ணை அடிக்க வேண்டும் என்ற அந்தச் சின்னச் சிரமமே பாதி வாங்கலைத் தடுத்துவிடும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, மாதாமாதம் எது எதற்குப் பணம் போகிறது என்று பாருங்கள். பார்க்காத ஓடிடி, முடிந்துபோன இலவசச் சோதனை எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். பிடித்தம் செய்வதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

குடும்பக் குழுக்களைவிட்டு வெளியேறினால் மனத்தாங்கல் வரும். சத்தத்தை மட்டும் அணைத்து, ராத்திரி ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒன்பதாம் படி: நாளும் பொழுதும்

பொருள் குறைந்த வீட்டில் வேலை குறைகிறதா என்பதே சோதனை. குறையவில்லையென்றால் கழித்தது தவறான பொருளாக இருக்கும். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று வைத்து, சாப்பிட்டவரே கழுவினால் தொட்டி நிரம்பாது. வீட்டுப் பெண்களின் உழைப்பைக் குறைக்காத மினிமலிசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஷோகேஸ் பொம்மைகளை யார் துடைக்கிறார்கள், பரணிலிருந்து அண்டாவை யார் இறக்கிக் கழுவுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் முதல் வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நேரம் சாதம், ரசம், அப்பளத்தோடு முடித்துக்கொள்வதும் இதில் அடக்கம்.

முகூர்த்த மாதங்களில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பத்திரிகை வரும். நெருங்கிய ஒன்றுக்குக் குடும்பத்தோடு முழு நேரம் போங்கள். மற்ற இரண்டுக்கும் மொய்யை அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் வீட்டுக்கே போய்ப் பார்த்து வாருங்கள். மேடையில் வரிசையில் நின்று எடுக்கும் புகைப்படத்தைவிட அந்த அரைமணி நேரப் பேச்சை மணமக்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இந்த முதல் சுற்று முடிந்த பிறகு, கழிப்பதற்கு வருடத்தில் மூன்று நாள் போதும். பள்ளி முடியும் ஏப்ரலில் பிள்ளைகளின் பொருள். எழுதாத பக்கங்களைப் பிரித்துத் தைத்தால் அடுத்த ஆண்டுக்கு ரஃப் நோட்டு ஆகும். சரஸ்வதி பூஜைக்கு எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கும்போது புத்தகமும் காகிதமும். மார்கழிக் கடைசியில், போகிக்கு முன்னால், ஸ்டிக்கர் ஒட்டிய பாத்திரங்களும் பீரோவின் இடப்பக்கமும். இடையில் ஏதாவது ஒரு தட்டு காலியாகிவிட்டால் அதில் வைக்க ஒரு பொருளைத் தேடாதீர்கள், அடுத்த விசேஷத்துக்கு ஊரிலிருந்து வருபவர்களின் பையை வைக்க இடம் வேண்டும்.